டெலிபோன் அக்காவும் நம்பர் சிலேட்டும்

என் மகன் கடையில் இப்போது திருகு கட்டைகளுக்கென்றே ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறான். ஆறு பக்கமும் ஆறு நிறம் போட்டு, திருகித் திருகிச் சேர்க்கிற கனசதுரம்தான். அதில் இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று, ஏழுக்கு ஏழு, கூம்பு, உருண்டை, எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளி நிறமாக இருந்து கண்ணைக் குழப்புகிற ஒன்று என்று வகை வகையாக அடுக்கி வைத்திருக்கிறான். “இதுக்குன்னே அடையாறுல இருந்தெல்லாம் வர்றாங்கப்பா” என்று பெருமைப்படுகிறான். படட்டும். கல்லாவில் உட்கார நேர்ந்தால் நான் அந்தத் தட்டுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். கேட்டால் கழுத்து வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உண்மைக் காரணம் ஒரு பெண்மணி. அவர் இந்தக் கனசதுரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. எழுபதுகளில் பாண்டிபஜாரில் என் கடை பத்தடிக்கு எட்டடி. சீப்பு, ரிப்பன், சோப்பு டப்பா, பிளாஸ்டிக் குடம், ஓரமாகக் கொஞ்சம் விளையாட்டுச் சாமான். திருநெல்வேலிப் பக்கம் இருந்து வந்தவன் என்பதால் தெருவுக்கே நான் அண்ணாச்சி. எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அறுபது வயதுக்காரரும் அண்ணாச்சி என்பார். அந்தப் பெண்மணி ஒருத்தர்தான் என்னைத் தம்பி என்று கூப்பிட்டார். அதிலேயே நான் விழுந்துவிட்டேன்.

மயிலாப்பூரில் வீடு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. நான் அவரை டெலிபோன் அக்கா என்பேன். பெயர் தெரியும், எழுத மனம் வரவில்லை. முப்பத்தொன்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கஞ்சி போட்ட நூல் புடவை, தோளில் ஒரு கறுப்புப் பை, வலது காதுக்கு மேலே ஹெட்போன் அழுத்தி அழுத்தி முடி படிந்துபோன ஒரு தடம். ஒரு தடவை கேட்ட நம்பரை அவர் மறந்து நான் பார்த்ததில்லை. பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் பேச்சுவாக்கில் தன் மதுரைச் சம்பந்தி வீட்டு நம்பரைத் தப்பாகச் சொல்ல, நடந்துகொண்டிருந்த அக்கா நின்று திருத்திவிட்டுப் போனார். ஜவுளிக்கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

இந்த அக்கா வாங்குவதெல்லாம் புதிர்ச் சாமான். அப்போது கனசதுரம் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் சட்டத்துக்குள் பதினைந்து எண் வில்லைகளும் ஒரு காலி இடமும் இருக்கும். வில்லைகளை நகர்த்தி நகர்த்தி வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். அதை நாங்கள் நம்பர் சிலேட்டு என்போம். அதிலேயே எண்ணுக்குப் பதில் எழுத்து போட்டது, கிளிப்படம் போட்டது, யானைப்படம் போட்டது உண்டு. பக்கத்துக்கு ஒரு வண்ணம் அடித்த நாலு கட்டைகளை வரிசையாக வைத்து எந்தப் பக்கம் பார்த்தாலும் நாலு வண்ணமும் தெரியச் செய்ய வேண்டிய ஒன்று வந்தது. துண்டு துண்டாகக் கழன்று திரும்பச் சேராத மரக்கட்டை ஒன்றும் வந்தது. அவ்வளவுதான் சரக்கு. அக்கா எல்லாவற்றையும் வாங்கி முடித்துவிட்டார்.

பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் வந்து நிற்பார். “தம்பி, இதுக்குத் தங்கச்சி தம்பி ஏதாவது பொறந்திருக்கா?” என்பார். இல்லை என்றால் முகம் வாடிவிடும். ஒரு பெரிய மனுஷி விளையாட்டுச் சாமான் இல்லை என்பதற்கு அப்படி வாடுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. என் கடை ஒன்றில்தான் என்றில்லை. லஸ்ஸில் பேனாக் கடையில் கேட்பார். அறுபத்து மூவர் உற்சவத்தில் மாடவீதி ஓரமாகச் சாக்கு விரித்தவர்களிடம் குனிந்து துழாவுவார். மூர்மார்க்கெட்டில் பழைய சாமான் குவியலுக்குள் கைவிடுவார். பொருட்காட்சி போட்டால் முதல் நாளே போய்விடுவார். சலித்துப்போய்க் கடைசியில் என்னிடமே வந்து, “பர்மா பஜார்காரரைக் கேட்டியா?” என்பார்.

பர்மா பஜாரிலிருந்து எனக்குச் சரக்கு கொண்டுவருகிறவர் ஒருத்தர் இருந்தார். அவரைக் கேட்டுக் கேட்டு அவர் என்னைப் பார்த்தாலே கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தார். “இன்னா அண்ணாச்சி, சென்ட்டு கீது, டார்ச்சு கீது, அத்தெல்லாம் வுட்டுட்டு எப்பப் பாரு அந்தச் சிலேட்டையே கேட்டுகினு கீறியே. யாருக்கு நைனா அது?”

“ஒரு அக்காவுக்கு.”

“கொயந்தையா அந்தக்கா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அக்காவைப் பற்றி நான் அடித்த கேலிக்கெல்லாம் இப்போது நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

அக்காவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கடையில் வைத்து எதையும் போட்டுப் பார்க்க மாட்டார். வாங்கியதும் என்னிடமே திரும்ப நீட்டுவார். “கலைச்சுக் கொடு, தம்பி. நானே கலைச்சா கைக்கு வழி தெரிஞ்சிடும்.” நான் வியாபாரத்துக்கு நடுவில் வில்லைகளை அப்படியும் இப்படியும் தள்ளிக் கலைத்துக் கொடுப்பேன். அவர் அந்த நேரத்தில் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொள்வார், பரீட்சைத் தாளைப் பார்க்கக் கூடாத பிள்ளை மாதிரி. அடுத்த தடவை வரும்போது பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்து, “இருபத்தாறு நிமிஷம்” என்பார். அதே சாமானைத் திரும்பக் கலைக்கச் சொல்வார். இருபத்தாறு பதினாலாகும், பதினாலு ஆறாகும். ஆறுக்கு வந்ததும் அதன்மேல் ஆசை விட்டுப்போகும். “இது கைக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே இதை வெச்சு எனக்கு எதுவும் தெரியாது” என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

“என்னக்கா தெரியணும் உங்களுக்கு?” என்று கேட்டேன் ஒருநாள்.

“இருக்கா போயிடுச்சான்னு தெரியணும்” என்றார்.

எது என்று அன்றைக்குச் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் ஒரு மாலை அவரும் பாப்பாவும் கடைக்குள் ஒதுங்கினார்கள். பாப்பா, அவருடைய இறந்துபோன தங்கையின் மகள். ஒரு வயதில் தாயை இழந்த குழந்தை. அப்போது ஐந்து வயது. அப்பா நாக்பூரில் வேலை, அங்கே தன் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். அந்த அண்ணனுக்கும் மனைவிக்கும் பிள்ளை இல்லை. குழந்தையை அனுப்பச் சொல்லி வருஷா வருஷம் எழுதினார்கள். அக்கா அனுப்பவில்லை. பாப்பா அவரைப் பெரியம்மா என்பாள். என் கடைக்குள் நுழைந்தால் ரிப்பன் சுருளையெல்லாம் இழுத்துப் போட்டுவிடுவாள். நான் வைது தீர்ப்பேன். அக்கா ஒவ்வொன்றாகப் பொறுமையாகச் சுற்றி வைப்பார்.

அந்த மழையில்தான் அவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அம்மாவுக்கு நாற்பத்தொன்றாவது வயதில் மறதி வியாதி ஆரம்பித்தது. முதலில் வீட்டுச் சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. தெருக்கோடி வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, பூட்டை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று கத்தினாராம்.

“பூட்டு மேல தப்புன்னாங்க. அப்புறம் அடுப்பு மேல தப்பு. அப்புறம் என் மேல. தன் மேல தப்பு இருக்கும்னு கடைசி வரைக்கும் அவங்களுக்குத் தோணவே இல்லை, தம்பி. நான் நல்லாத்தான் இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. டாக்டரும் ரெண்டு வருஷம் ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னாரு.”

நான் சோப்பு டப்பாக்களைத் துடைத்தேன்.

“என் தங்கச்சிக்கு அப்ப ஆறு வயசு. ஒருநாள் அம்மா அவளைக் கபாலி கோயில் குளத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தனியாத் திரும்பி வந்து சாதம் வடிச்சாங்க. சின்னவ எங்கேம்மான்னு கேட்டா, எந்தச் சின்னவன்னாங்க. இருட்டினப்புறம்தான் கண்டுபிடிச்சோம். குளத்துக் கடைசிப் படியில உக்காந்திருந்தா. அம்மா உக்காருன்னு சொன்னாங்களாம், அதான் எழுந்திருக்கலையாம்.”

பாப்பா அந்த நேரம் பார்த்து ஒரு பந்தை உருட்டிக்கொண்டு தெருவில் இறங்கப் போனாள். அக்கா அவள் கவுனைப் பின்னாலிருந்து பிடித்த பிடியில் துணி கிழிந்துவிட்டது.

அவர் வாங்கிக் குவித்ததெல்லாம் எதற்கு என்று எனக்கு அன்று புரிந்தது. அடுத்த வருஷம் அவருக்கு நாற்பது. தினம் காலையில் டியூட்டிக்குப் போகும் முன், பாப்பா எழுந்திருக்கும் முன், தன் புத்தி இருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய சாமான் பழகிவிடுகிறது. பழகியதைக் கை செய்துவிடும், புத்தி வேண்டியதில்லை. அதனால்தான் புதுசு புதுசாகத் தேடினார். ஒரு பிள்ளையை வளர்க்கிற தகுதி தனக்கு இன்னும் இருக்கிறதா என்பதற்கு அவருக்கு வேறு சாட்சி கிடையாது.

எதன்மேலும் பழி போடக் கூடாது என்று ஒரு விரதமே வைத்திருந்தார். என்னிடம் வாங்கிய சீப்பில் நாலு பல் இல்லை. நான்தான் பார்க்காமல் கொடுத்துவிட்டேன். அவர் கேட்கவில்லை. நானே கவனித்து மாற்றிக் கொடுக்கப் போனால், “என் கையிலதான் உடைஞ்சிருக்கும்” என்றார். பஸ்ஸில் கண்டக்டர் தப்பான ஸ்டேஜுக்கு டிக்கெட் கிழித்தால் தான் சரியாகச் சொல்லியிருக்க மாட்டோம் என்பார். எக்ஸ்சேஞ்சில் லைன் மாறிப்போனால், யார் தப்பு என்று பார்க்காமல் அவர்தான் முதலில் மன்னிப்புக் கேட்பாராம். எனக்கு எரிச்சலாக வரும். “பொருளும் கெட்டுப்போகும்தானே, அக்கா?” என்றேன் ஒருநாள். “அப்படித்தான் தம்பி ஆரம்பிக்கும்” என்றார்.

கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் புதுசாக எதுவும் வரவில்லை. பிறகு ஒரு தீபாவளிக்கு முன்பு பர்மா பஜார்காரர் காகிதத்தில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். “இந்தா, உன் கொயந்தைக்கு. ஒண்ணுதான் வந்துச்சு.” ஐந்துக்கு ஐந்து, இருபத்து நாலு வில்லை உள்ள பெரிய நம்பர் சிலேட்டு. நான் அக்காவுக்குப் போன் போடப் பக்கத்துக் கடைக்கு ஓடினேன். சாயங்காலமே வந்துவிட்டார். அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது இப்போதும் எனக்குத் தெரிகிறது. “கலைச்சுக் கொடு, தம்பி” என்று சொல்லித் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தீபாவளிக் கூட்டம். வாசலில் ஒருத்தி வளையலுக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், ஒருத்தர் குடத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். நான் நாலு தடவை வில்லைகளைத் தள்ளினேன். புது சிலேட்டு, இறுக்கம், நகரவே இல்லை. அக்கா ஒன்றரை வருஷமாகக் காத்திருந்த சாமான், அதை அரைகுறையாகக் கலைத்துக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஸ்குரூடிரைவரை எடுத்து ஒரு வில்லையை நெம்பினேன். சுளுவாக வந்தது. இருபத்து நாலையும் பிடுங்கி ஒரு டப்பா மூடியில் போட்டுக் குலுக்கி, கைக்கு வந்த வரிசையில் திரும்ப அழுத்தினேன். நல்ல வேலை செய்தோம் என்று எனக்கு ஒரு திருப்தி வேறு. “பிரமாதமாக் கலைச்சிருக்கேன்கா” என்று கொடுத்தேன். எப்படிக் கலைத்தேன் என்று சொல்லவில்லை. மறைக்க நினைத்துச் செய்ததில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து வந்தார். டைரியை எடுக்கவில்லை. “எப்படிக்கா பெரிசு?” என்றேன். “எல்லாம் வந்துடுச்சு. கடைசி ரெண்டு வில்லை மட்டும் மாறி உக்காந்திருக்கு” என்றார். அடுத்த வாரம், “அதே ரெண்டுதான்” என்றார். அதற்கடுத்த வாரம் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. “ஆகா, அக்காவுக்கே ஆட்டம் காட்டுதா!” என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இருபத்து மூன்றுக்கும் இருபத்து நாலுக்கும் நடுவில் அக்கா தன் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியாமல் போயிற்று. சாமானில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்று ஒரு வார்த்தை என் வாயில் வந்திருக்கலாம். தன் கடைச் சாமானில் கோளாறு என்று எந்தக் கடைக்காரன் சொல்வான்?

பொங்கல் முடிந்து ஒருநாள் துணிப்பை நிறையச் சாமானோடு வந்தார். எல்லாப் புதிரும் அதில் இருந்தன.

“யாராவது பிள்ளைங்களுக்குக் கொடுத்துடு, தம்பி. இனிமே வேண்டாம்.”

“என்னக்கா ஆச்சு?”

“பாப்பாவை நாக்பூருக்கு அனுப்பிட்டேன். நாலு நாளாச்சு.”

வளையல் பெட்டியை அப்படியே வைத்தேன். அவர் அழவில்லை. டிரங்கால் நேரம் சொல்கிற மாதிரி ஒரே குரலில் சொன்னார். “எழுபது நாள் பார்த்தேன். புதுசா ஒண்ணு வந்தா முடியலை. பழசெல்லாம் கை பண்ணிடுது. எங்கம்மாவும் கடைசி வரைக்கும் கோலம் நல்லாத்தான் போட்டாங்க. நான் பாப்பாவை எங்கயாவது உக்கார வெச்சுட்டு வந்துடுவேன், தம்பி. அதுக்கு முன்னாடி அனுப்பணும்னுதான் அனுப்பிட்டேன்.”

நான் ஆறுதலாக ஏதேதோ உளறினேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிறகு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அந்தப் பெரிய சிலேட்டை யாருக்கும் கொடுக்க மனம் வராமல் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு காலேஜ் வாத்தியார், கணக்குப் பாடம் எடுப்பவர், சோப்பு டப்பா வாங்க வந்தார். சில்லறைக்குக் காத்திருந்த நேரத்தில் சிலேட்டைப் பார்த்தார்.

“இதை யாரு சார் கழட்டி மாட்டினது?”

சில்லறை எண்ணுவதை நிறுத்தினேன். “ஏன்?”

“கடைசி ரெண்டு மட்டும் மாறி நிக்குது பாருங்க. இது வரவே வராது. சட்டத்துக்குள்ள நகர்த்தியே கலைச்சா எப்பவும் திரும்பிடும். பேத்து எடுத்து இஷ்டத்துக்கு மாட்டினா பாதிக்குப் பாதி இப்படித்தான் மாட்டிக்கும். பிரம்மாவே வந்தாலும் நடக்காது.” ஒரு காகிதத்தில் ஏதோ கணக்குப் போட்டுக் காட்டினார். எனக்கு அந்தக் கணக்குப் புரியவில்லை. நான் என்ன செய்தேன் என்பது மட்டும் புரிந்தது. ஸ்குரூடிரைவர் அப்போதும் ஆணி டப்பாவிலேயே கிடந்தது.

கடையை மத்தியானமே சாத்திவிட்டு, சிலேட்டையும் அந்தக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சித்திரைக்குளத்துக்குப் பின்னால் இரண்டு அறைப் போர்ஷன் அவருடையது. கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், “வீட்டுல எல்லாரும் சௌக்கியந்தானே?” என்றார். உட்காராமலேயே சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது, உங்களுடையது இல்லை, நான் பிடுங்கிக் குலுக்கிப் போட்டேன், அது யாருக்கும் வராது என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் நம்பவில்லை. “நீ நல்ல பிள்ளை, தம்பி. அதுக்காகப் பழியைப் பொருள் மேல போடாதே” என்றார். வாத்தியார் எழுதிய காகிதத்தைக் காட்டினேன். அதை வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்தது என்றே நினைக்கிறேன். உள்ளே போய்க் கத்தி எடுத்து வந்து, அந்த இரண்டு வில்லைகளையும் நெம்பி எடுத்து இடம் மாற்றி அழுத்தினார். பிறகு என்னிடம் நீட்டினார். “கலைச்சுக் கொடு.” சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு வில்லையாக நகர்த்தியே கலைத்தேன். எவ்வளவு நேரம் கலைத்தேனோ தெரியாது. வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். சுவரில் கடிகாரம் ஓடியது. ஆணியில் பாப்பாவின் பள்ளிக்கூடக் கூடை தொங்கியது. பதினோரு நிமிஷத்தில் இருபத்து நாலும் வரிசையில் நின்றன.

அப்போதாவது முகம் மலரும் என்று பார்த்தேன். அவர் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கைகளைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அப்ப எனக்கு ஒண்ணும் இல்லை.”

“ஒண்ணும் இல்லைக்கா. உடனே எழுதுங்க. பாப்பாவை வரவழைச்சிடலாம். வேணும்னா நானே நாக்பூர் போய்க் கூட்டியாறேன்.”

“முடியாது, தம்பி.”

“ஏன்கா முடியாது?”

“நான் ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கேன். எங்கம்மாவைப் பார்த்தவ நான். புத்தி போறவங்க என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும். அதனால எல்லாத்தையும் முன்னாடியே எழுதிட்டேன். நாளைக்கு நானே எழுதுவேன், எனக்கு ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன், பாப்பாவை அனுப்புங்கன்னு கேப்பேன். தப்பு என்னுது இல்லை, வேற எதோடயோன்னு சொல்லுவேன். டாக்டர் சர்டிபிகேட் அனுப்புவேன். ஆள் அனுப்புவேன். வாசல்ல வந்து நின்னு அழுவேன். என்ன பண்ணினாலும் கொடுக்காதீங்கன்னு எழுதிட்டேன். பாப்பா தலையில அடிச்சு சத்தியம் பண்ணச் சொன்னேன். அழைச்சுட்டுப் போக வந்த பாப்பாவோட அப்பாவும் பண்ணினாரு.”

நான் சொல்ல நினைத்த ஒவ்வொரு வழியையும் அவர் எனக்கு முன்னாலேயே போய் அடைத்து வைத்திருந்தார். நான் கோபப்பட்டேன். “யாராவது இப்படி எழுதுவாங்களாக்கா?” என்று கத்தினேன். “பாப்பா பத்திரமா இருக்கணும்ல?” என்றார்.

அந்த வியாதி அவருக்கு வரவே இல்லை. நாற்பத்தொன்று போயிற்று, ஐம்பதும் போயிற்று. ஓய்வுபெறும் வரை எக்ஸ்சேஞ்சில் நம்பர் புத்தகத்தைத் திறக்காமல் வேலை பார்த்தார் என்று கூட வேலை செய்த பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்ட அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இரவு சாப்பாடு இறங்கவில்லை.

சிலேட்டைச் சேர்த்துக் காட்டிய அன்று, அக்கா வீட்டிலிருந்து கிளம்பும்போது நான் நாக்பூர் விலாசத்தைக் கேட்டேன். முதலில் மறுத்தார். பிறகு ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். “நீ எழுதினா ஒருவேளை...” என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. அவருக்கும் ஓர் ஆசை இருந்தது என்பது அந்த முடிக்காத வார்த்தையில் தெரிந்தது. நான் இரண்டு நாள் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். வாத்தியாரின் கணக்கையும் பார்த்துப் பார்த்து வரைந்தேன். எழுதி முடித்துப் படித்தபோது, ஒரு பிளாஸ்டிக் சாமான் சரியாகச் சேராததற்காகப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த குழந்தையை ஒருத்தி ரயிலேற்றினாள் என்று அதில் இருந்தது. எப்படி மாற்றி எழுதினாலும் அப்படித்தான் வந்தது. ஒட்டித் தபாலில் போட்டுவிட்டேன்.

அக்கா தினம் டியூட்டிக்குப் போகும் வழியில் கடைப்பக்கம் வந்தார். ஒன்றும் கேட்க மாட்டார். சீப்பைப் பார்ப்பார், ரிப்பனைத் தொடுவார், நான் தலையாட்டியதும் போய்விடுவார். மூன்றாவது வாரம் நாக்பூரிலிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. மணிமணியான கையெழுத்து.

“மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. குடும்பத்தில் எல்லோரும் படித்தோம். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று தாங்கள் இவ்வளவு சிரமம் எடுத்துக்கொண்டது தங்கள் பெருந்தன்மையைக் காட்டுகிறது. இப்படி ஒரு கடிதம் வரும், நம்ப வேண்டாம் என்று அவரே எழுதியிருந்தார். அவர் உடம்பு இவ்வளவு சீக்கிரம் மோசமாகும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. குழந்தை சௌக்கியம். அவருக்குக் கொடுத்த வாக்கை எந்தக் காரணத்துக்காகவும் மீற மாட்டோம். அவருக்கு அங்கே யாரும் இல்லை. தாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் புண்ணியமாகப் போகும்.”

கிழித்துப் போட்டுவிட்டு இன்னும் பதில் வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர் வந்துவிட்டார். என் கையில் கார்டைப் பார்த்ததும் கையை நீட்டினார். கடை வாசலில் வெளிச்சத்துக்கு நகர்ந்து நின்று படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அவர் கத்த வேண்டும், என்னைத் திட்ட வேண்டும், அந்த நாக்பூர்க்காரர்களைச் சபிக்க வேண்டும் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன்.

“நல்ல மனுஷங்க, தம்பி” என்றார். “நான் கேட்டா கொடுத்துடுவாங்களோன்னுதான் பயந்து பயந்து எழுதினேன். கொடுக்க மாட்டேங்கறாங்க. நல்ல இடத்துலதான் விட்டிருக்கேன்.”

கார்டை மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.